கஞ்சிக் கோடு

பாவா,

இன்று சாயங்காலம் அக்கா பின்கட்டில் தறிக்கு ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்து டிவியில் ஃபுட்பால். கஞ்சி வாசமும் ரெஃப்ரியின் விசிலும் ஒன்றாக வந்ததும் என் கை தானாகப் பக்கத்து நாற்காலியைத் தடவியது. நீங்கள் அங்கே இல்லை. நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது ஆடிக் கிருத்திகை இது. ஊரெல்லாம் காவடிக் கூட்டம், எனக்குத்தான் வெறிச்சென்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் சூடாக இருக்கும்போதே சோப்பு விளம்பரம் போட்டுவிட்டான் பாவிப்பயல். திரும்பி வந்தால் பந்து வேறு பக்கம் கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால், "குளிக்கறதுக்கு இதாடா நேரம்?" என்று சத்தம் போட்டிருப்பீர்கள். நெசவாளர் சொசைட்டி ஹாலில் முதன்முதலாக டிவி வந்தபோதும் அப்படித்தான் கத்தினீர்கள். மெட்ராஸ் படம் நம் ஊருக்கு வரவேண்டுமானால் மலை குறுக்கே நிற்கும். மூங்கில் மேல் மூங்கிலாகக் கட்டி ஆன்டெனாவைத் தூக்கினோம். படம் முழுக்க மழை பெய்வது போல இருக்கும். அந்த மழைக்குள்ளே எங்கோ வெளிநாட்டில் யாரோ ஓடுவார்கள், நாம் இங்கே தறியை நிறுத்திவிட்டு வாய் பிளந்துகொண்டிருப்போம்.

உங்களுக்கு அதில் மூன்று விஷயம் ஆகாது. நடுவில் விளம்பரம். மூலையில் ஓடும் கோல் கணக்கு. எல்லாவற்றையும்விட, ஆட்டக்காரன் மூஞ்சியைத் திரை முழுக்கக் காட்டுவது. "பந்தைக் காட்டுடான்னா மூஞ்சியைக் காட்டிக்கினு இருக்கான் பாரு, பொண்ணு பார்க்கவா வந்துகிறோம்?" என்று ஹாலே சிரிக்கும்படி சொல்வீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் ஒருநாளும் திட்டியதில்லை. போட்ட கோலைத் திரும்ப மெதுவாகக் காட்டுவார்களே, அது வந்தால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அதுவும் கோல்கீப்பர் கோட்டருகே விழுந்து பிடிக்கிற காட்சி என்றால், மூச்சுகூட விடமாட்டீர்கள்.

எனக்குக் காரணம் தெரியும். ஊருக்கே தெரியும்.

நம் டீமுக்கு நீங்கள் கோல்கீப்பர், நான் பேக். ஆர்.கே.பேட்டைக்காரர்களோடு ஃபைனல். மற்ற ஊரில் கோடு போடச் சுண்ணாம்பு தூவுவார்கள். நமக்கு எதற்குச் சுண்ணாம்பு? வீட்டுக்கு வீடு கஞ்சி இருக்கிறதே. பாவுக்குப் போடுகிற கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றிவிட்டால், காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அன்றைக்கும் அக்காதான் குண்டானோடு வந்து ஊற்றினாள். உங்களுக்கும் அவளுக்கும் அப்போது கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. நீங்கள் நிற்கிற கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள் என்று நாங்கள் கேலி செய்தோம். அந்தத் தாராளம்தான் வினையாகப் போயிற்று. இடைவேளையில் நாம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது யார் வீட்டு வெள்ளாடோ வந்து, இடது கம்பத்துப் பக்கம் கோட்டைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போய்விட்டது!

கடைசியில் பந்து அந்த இடத்திலேதானா வரவேண்டும்? நீங்கள் எகிறி, பின்பக்கமாகச் சாய்ந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தீர்கள். ஒரே புழுதி. வலையும் கிடையாது, கோடும் கிடையாது. ரெஃப்ரியாக நின்ற டிரில் மாஸ்டர், பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, கோல் என்று விசில் ஊதிவிட்டார். தோற்றுப்போனோம். நீங்கள் எழுந்து யாரையும் பார்க்கவில்லை. கம்பத்துக்குப் பின்னால் காலிக் குண்டானோடு நின்ற அக்காவைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்: "தாண்டல."

அந்த ஒரு வார்த்தை உங்களை என்ன பாடு படுத்தியது! ஆர்.கே.பேட்டைக்குத் தறி வேலைக்குப் போனீர்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதற்கொண்டு, "இன்னாபா, தாண்டிச்சா தாண்டலயா?" நீங்கள் சிரித்துக்கொண்டே "தாண்டல" என்பீர்கள். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் அப்பா, நைனாவுக்கு இது காதில் விழுந்ததும், "வாயைத் தொறந்தா பொய் சொல்றவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?" என்று கல்யாணப் பேச்சையே நிறுத்தப் பார்த்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "அவரு தாண்டலன்னா தாண்டலதான் நைனா. நான் அங்கதான இருந்தேன்?" நைனாவை எதிர்த்து அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் நீங்கள் எப்படிப் பின்வாங்குவீர்கள்?

கல்யாணமாகி வருஷங்கள் கழித்து ஒரு சாயங்காலம். குழந்தைக்கு மலைக்கோயிலில் மொட்டை போட வந்த, அமெரிக்காவிலேயே குடியேறிவிட்ட தமிழர் ஒருவர், ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று ஹாலில் வந்து உட்கார்ந்தார். மடியில் சந்தனம் பூசிய தலையோடு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் டிவியைத் திட்டுவதைக் கேட்டுச் சிரித்தார்.

"இந்த விளம்பரம், கணக்கு, மூஞ்சி காட்டறது, திரும்பக் காட்டறது எல்லாம் எங்க ஊர்ப் பழக்கங்க. எல்லாரும் அதைப் பார்த்து செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. அங்க ஃபுட்பால்னா வேற ஆட்டம். பந்தைக் கையிலதான் எடுத்துக்கிட்டு ஓடுவாங்க."

"கையிலயா?" என்று எழுந்தே விட்டீர்கள். "அட, நான் அங்க பொறந்துருக்கணும்யா!"

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் ஒரு கோல்கீப்பர் உங்களைப் போலவே பின்பக்கம் சாய்ந்து பந்தோடு விழுந்தான். கோலா இல்லையா என்று அங்கே ஒரே சண்டை. மெதுவாகக் காட்டினார்கள். இந்தப் பக்கமிருந்து, அந்தப் பக்கமிருந்து, மேலேயிருந்து. தண்ணீருக்குள் விழுகிறவனைப் போல அவன் விழுந்துகொண்டே இருந்தான். நம் ஆட்கள் பாதிப் பேர் தாண்டிவிட்டது என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். அமெரிக்காக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "கேமராவுக்கே தெரியலைங்க."

நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்தோம். மலைமேல் மணி அடித்தது. வெயில் இறங்கித் தண்ணீர் மஞ்சளாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"மச்சான், தாண்டிச்சா இல்லயான்னு எனக்கும் தெரியாது. பந்து வரசொல்ல பயந்து கண்ணை மூடிக்கினேன்."

நான் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்த்தேன்.

"ஒங்க அக்கா நைனாகிட்ட எனக்காகச் சண்டை போட்டா. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. என்னை நம்பிகினு இருக்கா."

"ஆங், சொல்லமாட்டேன் பாவா" என்றேன். நீங்கள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். நாம் திரும்பி நடந்தபோது உங்கள் நடையே மாறியிருந்தது, வருஷக்கணக்காகச் சுமந்த மூட்டையைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

சொல்லவில்லை பாவா. நீங்கள் படுக்கையில் விழுந்தபோதும் சொல்லவில்லை, போன பிறகும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் டிவியில் ஒரு கோல்கீப்பர் கோல் வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மூஞ்சியைத் திரை முழுக்கக் காட்டினார்கள், எடுக்கவேயில்லை. எனக்கு உங்கள் ஞாபகம். "பந்தைக் காட்டுடான்னா மூஞ்சியைக் காட்டிக்கினு இருக்கான்" என்று உங்களைப் போலவே சொன்னேன். அக்கா கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றாள்.

"காட்டட்டுமே. அன்னிக்கு நான்கூட பந்தை எங்க பார்த்தேன்? அவரு மூஞ்சியைத்தான் பார்த்துகினு இருந்தேன்."

நான் திரும்பினேன்.

"கண்ணை இறுக்க மூடிக்கினு இருந்தாரு, பச்சைப்புள்ள கணக்கா. பந்து எங்க விழுந்துச்சுன்னு அவருக்கே தெரியாது."

"தெரிஞ்சேதான் நைனாகிட்ட அப்படிச் சொன்னியா?"

"பின்ன? பயந்துபோன மனுசன். ஊரே சேர்ந்துகினு கேலி பண்ணுது. நான் எந்தப் பக்கம் நிக்கறதாம்?"

"பாவாகிட்ட இதை எப்பவாவது சொன்னியா?"

"எதுக்குடா? நான் நம்பறேன்னு நிம்மதியா இருந்தாரு. இருந்துட்டுப் போவட்டுமே."

கஞ்சி அடிபிடிக்கிற வாசம் வந்தது. ஐயையோ என்று உள்ளே ஓடினாள். எனக்குக் கண் கரித்தது. கஞ்சி தீய்ந்த புகை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் புகை இல்லை பாவா, அழுகைதான். பொய்கைப் படியில் நீங்கள் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லியிருந்தால் உங்கள் தோளிலும் ஒரு தட்டு விழுந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறீர்கள்.

டிவியில் அந்த முகம் இன்னும் இருந்தது. முதல் தடவையாக நான் பந்தைத் தேடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி அவனையும் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

நாளைக்கு ஆர்.கே.பேட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த பஸ்ஸில் இன்னும் பழைய ஆட்கள் உண்டு, கேட்காமல் விடமாட்டார்கள். "தாண்டல" என்றுதான் சொல்வேன், பாவா. கண்ணைத் திறந்துகொண்டே சொல்வேன்.