கூரை வழியாக வா

அன்புத் தம்பி டெசிமுஸுக்கு, நார்போ நகரிலிருந்து உன் அக்கா லேலியா எழுதுவது. நீ நலமாக இருந்தால் நல்லது, நானும் நலம் என்றுதான் எல்லோரும் கடிதத்தைத் தொடங்குகிறோம். உனக்கு நான் எழுதிய கடிதங்களிலும் அந்த வரியை யோசிக்காமல்தான் எழுதியிருக்கிறேன். இன்று அதை எழுத உட்கார்ந்து, முடியாமல், எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீ இருக்கிறாய். அது போதும் எனக்கு.

உன் கடிதம் ரைன் கரையிலிருந்து பானை விற்க வந்தவன் மூலம் வந்தது. வாசலில் நின்று, "டெசிமுஸ்கிட்டேருந்து கடுதாசி" என்றான் பாவம். அம்மா அடுப்படியிலிருந்து உலக்கையோடு வந்துவிட்டாள். "செத்த புள்ள பேரைச் சொல்லியா பிழைக்க வந்திருக்கே?" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் பானைகளை விட்டுவிட்டுத் தெருமுனைவரை ஓடினான். உன் அத்தான் கார்போதான் துரத்திப் பிடித்து, சமாதானம் சொல்லி, நம் கடை மீன்சாறு ஒரு ஜாடி கொடுத்து அனுப்பினார்.

சரி, நீ என்ன எழுதியிருக்கிறாய்? காட்டில் பிடிபட்டது, குளிர்காலம் முழுவதும் ஜெர்மானியன் வீட்டில் அடிமையாகக் கிடந்தது, படைத்தோழர்கள் பணம் கொடுத்து உன்னை மீட்டது, எல்லாம் மூன்று வரி. "என்னைச் செத்தவனாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான் வரமாட்டேன்" என்பது மட்டும் ஒரு பக்கம். சின்ன வயதிலிருந்தே உனக்கு எது தேவையோ அதைச் சுருக்கிவிட்டு, எது வேண்டாமோ அதை நீட்டி முழக்குகிற குணம்.

போன வருஷம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேள். முதலில் அந்தக் கல்யாணச் சட்டம் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு அடுத்தவர் சொத்து எழுதிவைத்தாலும் கிடைக்காது, பிள்ளை பெறாதவனுக்குப் பாதிதான் என்றார்கள். அதைக் கொண்டுவந்த பெரிய மனிதர்கள் இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லையாம்! அத்தான் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லிச் சிரித்தார். அம்மாவோ, "என் புள்ள பட்டாளம் முடிஞ்சு வந்ததும் பொண்ணு பாத்துடணும்" என்று தெருவில் இருக்கும் பெண்களையெல்லாம் எடைபோட ஆரம்பித்தாள். பிறகு பன்னோனியாவில் சண்டை முடிந்தது, நம்மவர்கள் ஜெயித்தார்கள் என்று செய்தி வந்தது. ஊரெல்லாம் விளக்கு, மாலை, இலவச ஒயின். கட்டிய மாலை வாடுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. ரைனுக்கு அப்பால் காட்டில் மூன்று படைகள் போயின, தளபதியும் போனார், ஒருவரும் மிஞ்சவில்லை என்று. ரோமில் பேரரசர் முடி வெட்டாமல் தாடி வளர்த்துக்கொண்டு கதவில் தலையை முட்டுகிறார் என்று சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அவருக்குப் படை போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குக் கோபத்தை வரவைக்கலாம். உனக்கு ஈமச்சடங்கு செய்துவிட்டோம், தம்பி. உடம்பு இல்லாமல்தான். புதைக்கப்படாதவன் ஆவி கரையேற முடியாமல் அலையும், காட்டில் என் பிள்ளை குளிரில் அலையக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். சாலையோரம் அப்பா கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கல்லறை கட்டி, வழக்கப்படி உன் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டு விடைகொடுத்தோம். கூப்பிட்டது அம்மாதான். வேறு யாரையும் கூப்பிட விடவில்லை.

பிப்ரவரியில் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள் வந்தது. ஒயினில் நனைத்த ரொட்டி, உப்பு, ஊதாப்பூ எல்லாம் கொண்டுபோய் அப்பாவுக்கும் உனக்கும் ஆளுக்கொரு ஓட்டில் வைத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் அப்பா ஓடு காலி. உன் ஓட்டில் வைத்தது அப்படியே இருந்தது. காக்கையோ நாயோ ஒன்றை விட்டு ஒன்றைத் தின்றிருக்கும், அதில் என்ன இருக்கிறது என்றேன். "எம் புள்ளயாவது, ரொட்டிய மிச்சம் வெக்கிறதாவது! அவன் அங்க இல்லடி" என்றாள். நான் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அழுதேன். நீ பெருந்தீனிக்காரனாக இருந்தது அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் பார்.

உன் கடிதம் வந்த அன்றே கோயில் பெரியவரிடம் ஓடினோம். அவர் சொன்னது இது: சடங்கு செய்யப்பட்டவன் உயிரோடு திரும்பினால் வாசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது. அவன் சட்டப்படி பிணம், வாசலில் நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது. கூரையில் ஏறி, மேலிருந்து உள்ளே இறங்க வேண்டும், வானத்திலிருந்து புதிதாக வந்தவன் மாதிரி. நம் வீட்டில் பணக்காரர்கள் வீட்டைப் போல வானம் பார்த்த கூடம் ஏது? அதனால் அத்தான் அடுப்படிக்கு மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓடுகளைப் பிரித்துவிட்டார். நேற்று முன்தினம் மழை பெய்து என் பருப்பெல்லாம் நனைந்தது. பூனை அந்த வழியாகத்தான் போய் வருகிறது. மூடலாம் என்று வாயெடுத்தாலே அம்மா முறைக்கிறாள்.

இது போதாதென்று மசிலியாவிலிருந்து வந்த கிரேக்கக்காரி ஒருத்தி, எங்கள் ஊரில் இப்படித் திரும்பியவனைப் பிறந்த குழந்தை போலக் குளிப்பாட்டித் துணியில் சுற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா உடனே அதையும் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன், அவனைச் சுற்ற ஒரு கப்பல் பாய் வேண்டும் என்று. அவள் உண்மையாகவே துறைமுகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். நீ சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சிரி.

மீட்கப்பட்டவர்கள் இத்தாலிக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு, அதனால் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நார்போ எப்போதடா இத்தாலிக்குள் இருந்தது? ரோமில் உனக்காக எந்தப் பெண் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறாள்? இந்தச் சாக்கு செல்லாது.

இன்னொன்று எழுதியிருக்கிறாய், அதுதான் நிஜமான காரணம் என்று எனக்குத் தெரியும். பான்சாவும் நானும் ஒன்றாகப் போனோம், அவன் இல்லாமல் நான் மட்டும் வந்து எதிர்வீட்டில் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து நானும் அவன் அம்மா செஸ்டியா அத்தை எதிரில் போகாமல் பின்பக்கமாகவே நடமாடிக்கொண்டிருந்தேன். நேற்று அவளே வந்தாள். ஓட்டைக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "அவன் வரத் தயங்குறானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வரச் சொல்லு. எம் புள்ள கடைசியா என்ன பேசினான், பசியோட போனானா, யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு கேக்க எனக்கு இந்த உலகத்துல வேற யாரு இருக்கா?" என்றாள். போகும்போது, அவன் இறங்குகிற இடத்தில் தரை கல்லாக இருக்கிறதே என்று வீட்டிலிருந்து ஒரு வைக்கோல் மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். அது பான்சாவின் மெத்தை. தம்பி, நீ உயிரோடிருப்பது அவளுக்குச் செய்த துரோகம் இல்லை. நீ வராமல் போனால்தான் துரோகம்.

அம்மா சொல்லச் சொன்னது: "மூணு தரம் கூப்பிட்டு அனுப்பினவ நான்தான். மூணு தரம் கூப்பிட்டு இறக்குறவளும் நான்தான். அதுக்குள்ள நான் செத்துட்டா யாரு கூப்பிடுவா, கேளு அவன்கிட்ட." அவளுக்கு இருமல் இந்தக் குளிரில் அதிகமாகிவிட்டது. அதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தில் இருந்த எழுத்து உன்னுடையது இல்லை. கோழி கிளறியது போன்ற உன் எழுத்து எனக்குத் தெரியாதா? நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இன்று காலை அத்தான் கூரைக்கு ஏணி செய்துகொண்டிருந்தார். "ஏணி வேணாம். ஒரு பலகையில கயிறு கட்டு. புள்ள எதையும் புடிக்காம, உக்காந்தபடியே எறங்கட்டும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக்காட்டுகிற ஐயா, நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. அவன் எழுதச் சொன்னதை எழுதிக்கொடுத்தீர்கள், உங்களை எல்லா தெய்வங்களும் காக்கட்டும். பாதியில் அவன் "போதும், மடித்து வையுங்கள்" என்று சொல்லியிருப்பான். மடிக்காமல் இதுவரை படித்ததற்கு நன்றி. தெற்கே வரும் வண்டி எதிலாவது அவனை ஏற்றி உட்காரவையுங்கள். அவனுக்குக் கண் போனதா, கை போனதா என்று பதில் எழுத வேண்டாம். அவன் இறங்கியதும் நாங்களே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

உன் அக்கா,
லேலியா