வரதராஜா விளக்கிய மௌனம்

வென்ட்வேர்த்வில்,
28.10.2012

அன்பு மகள் தாரகா,

நானும் அப்பாவும் நல்ல சுகம். மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகன் லதீசும் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, கறிவேப்பிலைக் கன்றும் தளிர்விட்டிருக்கிறது. இனி எழுதப்போவதைத் தொலைபேசியில் சொன்னால் "லெட் இட் கோ அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், கடைசிவரை படி.

போன சனிக்கிழமை பரமட்டாவில் பிடில் விழா. ஐரிஷ்காரர், கிரேக்கர், நோர்வேக்காரர் எல்லாரும் தங்கள் ஊர் மெட்டுகளை வாசித்தார்கள். மொரீன் என்ற ஐரிஷ் மனுசி ஒவ்வொரு மெட்டுக்கு முன்னும் அதை யாரிடம் பழகினாள் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுத்தாள், அது அவர்கள் வழக்கமாம். தமிழர் பக்கம் ஏறியவர் உன் வரதராஜா அங்கிள், கொக்குவிலில் என்னிடம் நான்கு வருடம் வயலின் பழகியவர். வாசித்தது என்ன தெரியுமா? உன்னை நித்திரையாக்க நான் போட்ட நீலாம்பரி மெட்டு! "இது எங்கட பாரம்பரிய மெட்டு, ஆர் போட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்று மைக்கில் சொன்னார். போட்டவள் மூன்றாம் வரிசையில் மடியில் கைப்பையோடு இருக்கிறேன். தன்னுடையது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், ஆளே இல்லை என்றல்லவா சொன்னான்! இனி எனக்கு அவர் இல்லை, அவன்தான்.

அந்த மெட்டில் வரி முடியும்போதெல்லாம் வில் இரண்டு தட்டு நிற்கும். அது ஏன் என்று மொரீன் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அது எங்கட முன்னோரின்ர லய ரகசியம், அந்த மௌனத்துக்குள்ள பெரிய தத்துவம் இருக்கு" என்றான். தத்துவமாம்! நீ வீரிட்டு அழுவாய், நான் தரையில் இருந்து வாசித்தபடி வரிக்கு ஒருதரம் வில்லை மடியில் வைத்துவிட்டு உன் ஏணைத் தொட்டிலின் கயிற்றை இழுத்துவிடுவேன், அதற்கு விட்ட இடைவெளிதான் அது. அவன் பழக வந்தபோது உனக்கு ஐந்து வயது, ஏணையை அவிழ்த்தாயிற்று, என் கைதான் நிற்கிற பழக்கத்தை விடவில்லை. ஏன் என்று ஒருநாளும் கேட்காமல் அப்படியே கொப்பியடித்திருக்கிறான். எழும்பப் போனேன், அப்பா கையைப் பிடித்து "சபையில வேண்டாமப்பா" என்றார். பேசாமல் இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. தேநீர் நேரம் மொரீனிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு என்னைவிடக் கோபம். டிசம்பர் ஒன்பதாம் திகதி என்னையும் அவனையும் ஒரே மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தத் தத்துவத்தை விரிவாகப் பேசும்படி அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் வேட்டி கட்டி, மாணவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். வரட்டும், எவ்வளவு சனம் வருகிறதோ அவ்வளவுக்கு நல்லது. மன்னித்துவிடு என்கிறார் அப்பா. மாட்டேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஸ்பிரிங்வேலில் நல்ல முருங்கைக்காய் கிடைத்தால் கொண்டு வா. டிக்கெட்டை இப்போதே போடு, வந்து முன்வரிசையில் இரு. அவன் பேசி முடிந்ததும் நான் ஏறி வாசிப்பேன். முதல் வரி முடிந்து என் வில் நிற்கிற இடத்தில் நீ எழும்பி நில் மகள். அவன் சொன்ன முன்னோரைச் சபை ஒருமுறை பார்க்கட்டும்.

உன் அம்மா
நேசமலர்