ஆறு உடைந்த அன்று

எமன் குரலில் என்னை வரவேற்ற என் தங்க மச்சானே,

மேலே எங்கே மிதந்துகொண்டிருந்தாலும் கொஞ்சம் இறங்கி வா. உன் மகள் செல்வி சாதித்துவிட்டாள்! அதைச் சொல்லுமுன் நான் தெருவில் மானம் கெட்ட கதையைச் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் கடலூரில் பேய்மழை. கெடிலம் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கும் செல்வி அங்கிருந்து போனில் கத்தினாள். "மாமா! ஆறு ஒடஞ்சிடுச்சு மாமா!" அத்தோடு லைன் கட்.

நான் யோசிக்கிற ஆளா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "ஆறு ஒடஞ்சிடுச்சு!" என்று தெருவெல்லாம் ஓடினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் தையல் மிஷினை மாடிக்கு ஏற்றினார். உன் தங்கச்சி இட்லி மாவுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். நான் தூக்கிய ஃபிரிட்ஜ் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

மறுபடி போன். "எந்தக் கரைடி ஒடஞ்சது?" என்றேன்.

"கரையா? அப்பாவோட ஆறு மாமா! கேஸு! எலக்ட்ரான் கதிர் ஒடச்சிடுச்சு!"

நீ வேலை பார்த்த மின்வாரிய சப்ஸ்டேஷனே எஸ்.எஃப். சிக்ஸ் என்று சொன்ன வாயுவை நீ மட்டும்தானே 'ஆறு' என்பாய்? உன் மகளுக்கும் அதே வாய்.

ஸ்டெல்லா டீச்சர் கேட்டார்: "ஏன் சார், உங்க வூட்டு கேஸுக்கு நான் ஏன் மிஷினத் தூக்கணும்?"

மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் எழுகிற தீப்பொறியை அணைக்க நீ நிரப்பிய வாயு அது. அதைத்தான் பலூனில் அடைத்து உறிஞ்சி, என் கல்யாணத்தில் கட்டைக்குரலில் "மாப்ள" என்றாய். என் அப்பா சேரோடு சாய்ந்தார். அப்போதெல்லாம் பழுதுபார்க்கும்போது வால்வைத் திறந்து காற்றில் விடுவதுதான் வழக்கம். கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும், நூற்றாண்டுக்கணக்கில் அழியாது என்று ஒரு பயிற்சியில் கேட்டுவிட்டு வந்த அன்று நீ சோறு தின்னவில்லை.

"நான் செத்தப்புறமும், நான் தொறந்து வுட்டது மேல சுத்திக்கிட்டே இருக்கும் மாப்ள."

அதற்குப் பிறகு ஒரு மூச்சுகூட வெளியே போகாமல் சிலிண்டரில் திருப்பி அடைத்தாய். "என் மச்சான் குசுவக்கூட அடச்சு வெப்பான்" என்று நான் ஊரெல்லாம் பரப்பினேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் செல்வியிடம் நீ கேட்டது ஒன்றுதான்: "அடச்சு வெச்சத ஒடைக்க வழி பாரும்மா."

அந்த வழிதான் கிடைக்காமல் அவள் அலைந்தாள். இந்த முறையும் உடையாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிக்கொள் என்று வழிகாட்டியும் சொல்லிவிட்டார். ஒரு கந்தகத்தை ஆறு ஃபுளோரின் சுற்றி வளைத்த குடும்பம் அது. கதிர் பட்டால் பிரிகிறதாம். பிரிந்த சூட்டோடு மறுபடி ஒட்டிக்கொள்கிறதாம். நம் பண்ருட்டித் தம்பதி விவாகரத்து மாதிரி!

மறுநாளே சிதம்பரம் போனேன். கதிர் அறைக்கு வெளியே நின்றபோது என் இரண்டு கையும் தன்னால் மடியை மறைத்தன. இந்த வயதில் எதைக் காப்பாற்றுகிறேனோ!

"கதிரத் தடுக்க செவுரு இருக்கு மாமா. கைய எடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"எப்படிடி ஒடச்ச?"

"பிரிஞ்சவுடனே கட்டிவெக்க வேற வரன் ரெடியா வெச்சுட்டேன் மாமா. ஹைட்ரஜன். ஃபுளோரின் அதோட போயிடுச்சு. அதுல வர்ற அமிலத்த சுண்ணாம்பு முழுங்கிடுச்சு."

கண்ணாடிக் குழாயில் வெள்ளைத்தூள். உன் ஆறு, மச்சான்! நான் குதித்த குதியில் கண்ணாடி கழன்று விழுந்தது; கதிர் அறையின் வரலாற்றில் முதல் சேதம் என் மூக்குக்கண்ணாடி.

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று முகம் வாடினாள். "அப்பா முன்னாடி காத்துல வுட்டத இது ஒண்ணும் பண்ணாது மாமா. புடிச்சு வெச்சதத்தான் ஒடைக்கும்."

"அதுக்குத்தானடி புடிச்சு வெச்சான்?" என்றேன்.

இன்னும் பெரிய பெரிய பிரேக்கர்களில் இருப்பதையெல்லாம் உடைக்க எவ்வளவு காலம் பிடிக்குமோ, தெரியாது. ஆனால் உடையும் என்று தெரிந்துவிட்டது. ஆறு உடைந்ததற்குக் கேசரி கிண்டிச் சாப்பிட்ட முதல் தெரு எங்கள் தெருதான். ஸ்டெல்லா டீச்சர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மிஷின் மட்டும் இன்னும் மாடியில்.

சத்தியம் செய்கிறேன் மச்சான்: அந்தக் குசுக் கதையை இனி யாரிடமும் பாதியில் நிறுத்த மாட்டேன். அடைத்து வைத்தவன் கதையைச் சொன்னால், உடைத்துக் காட்டியவள் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

உன் மனசும் ஆறியதா?

படிக்கட்டில் நிற்கும் ஃபிரிட்ஜுக்குக் கீழ்ப்படியிலிருந்து,
உன் தங்கச்சி புருஷன், செல்வியின் மாமன்