தணலில் காட்டிய மூக்குப்பேணி

அன்புள்ள அப்பா,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு வாரமாகிறது. வீட்டில் உங்கள் நாற்காலி காலி, சட்டசபையிலும் காலி. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். "கூலிகளுக்காகவே பேசித் திரியிறார்" என்று முகம் சுளித்த நம்மவர்கள்தான் அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைத் துரைமாரின் கேலிச் சிரிப்புக்கு நடுவே வருஷக்கணக்காக அதே கேள்விகளைக் கேட்டீர்கள். பிள்ளை பெற்றவளை உடனே ரப்பர் மரம் சீவ அனுப்பலாமா? தோட்டத்து லயக் குடியிருப்பில் சாதிக்கொரு குழாய் எதற்கு? கடைசியில் தாய்மாருக்கு ஓய்வு கிடைத்தது, குழாயும் பொதுவானது. அந்தப் பேச்சுகளைத் தம்போயில் நம் வீட்டு முற்றத்தில் உரக்கச் சொல்லிப் பழகுவீர்களே, அப்போது நம் அடுப்படியை ஒருதரமாவது எட்டிப் பார்த்தீர்களா?

தோட்டத்து ஆட்கள் முறையிட வந்தால், நாம் குடிக்கும் மூக்கு வைத்த பித்தளைப் பேணியிலேயே தேநீர் கொடுக்கச் சொல்வீர்கள். அவர்கள் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து உங்கள் முகம் மலரும். அவர்கள் படியிறங்கியதும் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கி, தணலில் காட்டிய பிறகே அடுக்கில் வைப்பார். தணலை ஊதிக் கொடுப்பது நான். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை. அதுகளுக்குத் தெரியவே போகுது?" என்பார். தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தியேட்டிக்கு ரெங்கம் தோட்டத்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் அஞ்சலை. பச்சை உடம்போடு வேலைக்கு விரட்டப்பட்டவள். அவள் கதையைத்தான் சபையில் முதன்முதலாகச் சொன்னீர்கள். நான் பேணியை நீட்டினேன். அவள் துணிமூட்டையிலிருந்து ஒரு தகரக் குவளையை எடுத்தாள். பார்த்தால், வந்த எல்லோர் கையிலும் குவளை.

"எதுக்கு அக்கா இது?"

"இருக்கட்டும்மா. அப்புறம் நெருப்புல காட்டணும். உங்களுக்குத்தானே வேலை." குரலில் குத்தலே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கொல்லைப் பக்கமாத்தானே ஸ்டேஷன் பஸ்ஸுக்குப் போவோம். எல்லாம் கண்ணுல படும். ஐயா மனசு நொந்துபோவாருன்னு யாரும் வாயத் தெறக்கல. இப்பதான் ஐயா இல்லையே."

கூனிக் குறுகிப் போனேன், அப்பா. சபையில் நீங்கள் அவர்கள் மானத்துக்காகப் பேசினீர்கள். நம் வீட்டில் அவர்கள் பேசாமலிருந்து உங்கள் மானத்தைக் காத்திருக்கிறார்கள். கதவோரம் நின்று கேட்ட அம்மா உள்ளே போய்விட்டார்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அம்மா கோபிப்பார், சித்தப்பா இனி நம் வாசலை மிதிக்க மாட்டார். பரவாயில்லை. உங்கள் நாற்காலிக்கு அரசாங்கம் யாரையாவது நியமித்துக்கொள்ளட்டும், அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி அந்தத் தணல் மூளாது, இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. ரெங்கத்துக்குப் போய் அஞ்சலையின் வீட்டில், அவள் குவளையில் தண்ணீர் கேட்பேன். நான் குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு அவள் அதை என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்த உரிமை எனக்கில்லை.

தணல் ஊதிய உங்கள் மூத்த மகள்,
பாக்கியம்