கோப்பி கொண்டுவந்தவளுக்குக் கைதட்டினேன்

7 செப்டெம்பர், சனி
இன்று என் மானம் கிளென் வேவர்லி நூலகத்தில் போனது. மகள் லக்சிகாவிடம் இன்னும் எல் பிளேட், பழகுநர் உரிமம்தான். கார் ஓட்டப் பக்கத்தில் ஆள் வேணும். அதனால் அங்கே போடும் பழைய பிரெஞ்சுப் படத்துக்கு அவளோடு நானும் போனேன். ஆறு வாரம், ஆறு படம், ஒரே நடிகை, மார்செலின் வோத்ரே. சுவரொட்டியில் கண்ட முகம் திரையில் வந்ததும், யாழ்ப்பாணத்துத் தியேட்டர் பழக்கம், படபடவென்று கைதட்டிவிட்டேன். நாற்பது வெள்ளைத் தலைகள் திரும்பின. வோத்ரே கோப்பித் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் வேசம். கதாநாயகி வேறு ஆள்!
"அப்பா, ப்ளீஸ்... கதிரைக்குக் கீழ ஒளிக்கலாம் போல கிடக்கு."
ஆனால் அந்தத் தட்டை வைத்த விதம்! அதன்பிறகு கதாநாயகியை யார் பார்த்தது?

14 செப்டெம்பர்
வோத்ரேக்கு ஒன்பது வருசம் வேலைக்காரி, தாதி, டிக்கெட் கிழிப்பவள் வேசம்தானாம். பிறகுதான் இன்றைய படத்தின் பெரிய வேசம், சலவைக்காரி. புருசன் செத்த செய்தி வருகிறது. அழவில்லை, ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போடுகிறாள். திரும்ப எடுத்து, திரும்ப உதறுகிறாள்.

21 செப்டெம்பர்
நான் அழவில்லை. ஏசி குளிரில் மூக்கு ஒழுகியது.

28 செப்டெம்பர்
சிவப்பு விளக்கில் நிற்கும்போது லக்சிகா சொன்னாள்: பார்மசிப் படிப்பை இரண்டாம் வருசத்தோடு நிப்பாட்டப் போறாளாம். சிட்னியில் நடிப்புக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாச்சாம்; நவம்பரில் நடித்துக் காட்ட வேணுமாம்.
நான் சொன்னது: "பச்சை விழுந்திட்டுது, போ."
வீட்டில் மனைவி ரஞ்சினி வெடித்தாள். "பார்மசி கிடைச்சதெண்டு கோயில்ல எல்லாருக்கும் லட்டுக் குடுத்தனாங்கள். இனி என்னத்தைக் குடுக்கிறது?"
நான் தலையாட்டினேன். லக்சிகா என்னைத்தான் பார்த்தாள். "மற்றாக்களின்ர பிள்ளை எண்டா கைதட்டுவியள், என்னப்பா?"
நான் கார்ச் சாவியை ஆணியில் மாட்டப் போனேன்.

12 ஒக்டோபர்
கடைசிப் படம். நாற்பது வயதில் வாய்ப்பு நின்றுபோய், வோத்ரே பஸ்சில் ஊரூராகப் போய் மேடையில் நடித்தாளாம். ஐம்பத்தாறு வயதில் திரும்பி வந்து நடித்தது இது. ஐந்து நிமிசம் உருளைக்கிழங்கு சீவுகிறாள், பேச்சே இல்லை. இமைக்கவும் மனம் வரவில்லை. "இந்த வோத்ரேயைப் பார்மசிக்கு அனுப்பியிருந்தால்?" என்று வீட்டில் ரஞ்சினியிடம் கேட்டேன். அறைக் கதவு படாரென்று அடிபட்டது.

9 நவம்பர், சிட்னி
லக்சிகாவை நடித்துக் காட்டக் கூட்டி வந்தேன். ஒன்பது மணித்தியாலம், பாதித் தூரம் அவள் ஓட்டினாள். ரஞ்சினி இடியப்பம் கட்டித் தந்தாள், வாசலுக்குத்தான் வரவில்லை.
"எப்பிடிப் போச்சு?"
"தெரியாதப்பா. ஆனா ஒரு சொல்லும் மறக்கேல்லை."

4 டிசெம்பர்
கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த முறை இடமில்லை. ரஞ்சினி லக்சிகாவுக்குத் தேத்தண்ணி வைத்தாள்.
"அப்பா, ஏதாவது சொல்லுங்கோ."
"வாற வருசம் எந்த மாசம் சிட்னி? இப்பவே லீவு போட்டு வைக்கவேணும்."
சிரித்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். ரஞ்சினி என்னை முறைத்தாள். பிறகு, "நானும் வாறன். உங்களுக்கு வழி தெரியாது" என்றாள்.
ஒன்றை மட்டும் இருவருக்கும் சொல்லவில்லை. இடமில்லை என்று அவள் வாசித்த அந்தக் கணம், எனக்குள் முதலில் வந்தது – அப்பாடா.