வள்ளி ஓடிய ஓட்டமும் நான் வாசித்த மனுவும்

முருகன் துணை

பண்ணைக்காடு
25.1.2009

அன்பு மகன் ராஜ்மோகனுக்கு, அப்பா சுப்பையா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தேவகுமாரி, பிள்ளை சுதாராணி நாலு பேரும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் நிம்மதி. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே. போன ஆடியில் நான் எழுதப் படிக்க வளர்கல்வி மையத்தில் சேர்ந்ததை உன் வீட்டுக்காரி தேவகுமாரி போனில் சொன்னபோது நீ சிரித்தாயாம். சிரித்துக்கொள். எழுபத்தோரு வயதில் இப்போது பஸ் போர்டு, மாத்திரை அட்டை, மஞ்சள் பையில் இருக்கிற ஜவுளிக்கடைப் பெயர் எல்லாம் வாசிக்கிறேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் தீப்பெட்டியை வாசிக்கிறேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பார்வை தெளிந்த அன்றைக்கே என் நோட்டைப் பார்த்து, வரியெல்லாம் மலை இறங்குதே என்றாள். மிளகு சுமார், காப்பி பரவாயில்லை, கீழ்க்காட்டில் காட்டெருமை புகுந்து வாழையை மிதித்துப் போட்டது. உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது, மூன்று நாளாக எழுதுகிறேன். சந்தோஷமான சங்கதியை மட்டும் எழுத ஆசைப்பட்டேன், ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காணும் பொங்கலன்று இளைஞர் மன்றத்துக்காரர்கள் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூட மைதானம் வரைக்கும், மூன்று கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். முதலாவது வருகிற ஒருத்தியை மட்டும் மாசிக் கடைசியில் திண்டுக்கல்லில் நடக்கிற மாவட்டப் போட்டிக்கு மன்றம் அனுப்பும். அங்கே நன்றாக ஓடுகிற பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பு சாப்பாடு எல்லாம் அங்கேயே. சுதா இதற்காக ரெண்டு வருஷமாக வெள்ளனே எழுந்து பனியில் ஓடுவது உனக்குத் தெரியும். முடிவுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க என்னை நிறுத்தினார்கள், நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி நின்றேன். வளைவு திரும்பி முதலில் வந்தது நம் பிள்ளை இல்லை, வள்ளி. நீ போன பிறகு வந்தவள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற மேல் லயத்தில் தனியாக இருக்கிறாள், ஆணாகப் பிறந்து பத்து வருஷமாகப் பெண்ணாக வாழ்கிறவள். அரவாணி என்று எழுதினேன், இப்போது திருநங்கை என்றுதான் சொல்ல வேண்டும் என்று சுதா அடித்துத் திருத்தினாள், மேலே கறுப்பாகக் கிடப்பது அதுதான். கயிறு அவள்மேல் பட்டதும் கைதட்டல் பாதியில் நின்றது. நாற்பது ஐம்பது அடி பின்னால் வந்த சுதா, கயிறு தரையில் கிடந்ததைப் பார்த்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. தேவகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஏ வள்ளி, உன் காலும் நெஞ்சும் ஆம்பளையா வளர்ந்தது, எம்புள்ள ரெண்டு வருஷம் ஓடுனதுக்கு என்ன பதில் சொல்ற என்று கேட்டாள். வள்ளிக்கு மூச்சு இரைத்தது, ஆனாலும் பின்வாங்கவில்லை. அக்கா, தெனம் காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் எடுக்கையில ஆறு வருஷமா உங்ககூட பொம்பளை வரிசையில நின்னுதான் பேர் குடுக்கேன், பொம்பளைக் கூலிதான் வாங்குறேன், சுமை தூக்க மட்டும் ஆம்பளையாட்டம் தூக்குன்னாக, தூக்குனேன், அப்பல்லாம் யாரும் வந்து என்னக் கேக்கலையே என்றாள். காலையில் அவள் பெயரை வாங்கிக்கொண்டு நம்பர் துணியைக் குத்திவிட்டதே மன்றத்துச் செயலாளர் சேனாதிபதிதான், அவர் இப்போது, நாங்க சும்மா வேடிக்கைக்கு ஓடுவான்னு நெனச்சோம், இப்படி ஜெயிப்பான்னு யாருக்குத் தெரியும் என்றார். தோற்றிருந்தால் வள்ளி பெண்ணாகவே இருந்திருப்பாள் போல. ராஜ்மோகன், உன் மனைவி கேட்டதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது, வள்ளி கேட்டதும் சரியாகத்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்கிற அறிவு எனக்கு இல்லை.

ஆனால் நான் பதறிப்போனது அதில் இல்லை. நாலாம் நாள் சேனாதிபதி டைப் அடித்த ஒரு மனுவும் கையில் மைப்பெட்டியுமாக வீட்டுக்கு வந்தார். பெரியவரே, உங்க பேத்தியை அனுப்பச் சொல்லித்தான் எழுதியிருக்கு, மகன்கிட்ட போன்ல பேசிட்டோம், அப்பா கைநாட்டு வைப்பாருன்னு சொல்லிட்டாரு, வெரசா விரலக் குடுங்க, வேற சோலி கெடக்கு என்று சொல்லி என் கட்டைவிரலைப் பிடித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கையை உருவிக்கொண்டு, தாளைக் குடுங்க தம்பி, நானே வாசிச்சுக் கையெழுத்துப் போடுறேன் என்றேன். அந்த மனுஷன் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லையே. பெருமையாகத்தான் வாசிக்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி. நாலாவது வரியில் நின்றுவிட்டேன். மேற்படி வள்ளி என்பவரின் ஆடைகளைக் களைந்து மன்ற உறுப்பினர்கள் மூவர் முன்னிலையில் உடலைப் பரிசோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும், இனிமேல் சந்தேகம் எழும் எந்தப் போட்டியாளரையும் அவ்வாறே பரிசோதிக்கலாம் என்றும் இருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி வாசித்தேன். அதேதான். கீழே, இப்படிக்கு சுப்பையா என்று என் பெயரை முன்னாலேயே அடித்து வைத்திருந்தார்கள்.

உனக்குச் சொன்னதில்லை, இலங்கையில் நாவலப்பிட்டியில் இப்படித்தான் ஒரு தாளில் விரல் வைத்தேன். அது என்னை இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கிற தாள் என்று கப்பல் ஏறும்போதுதான் தெரிந்தது. உன் பெரியப்பா பெயர் அதில் இல்லை, அவர் அங்கேயே நின்றுவிட்டார், நான் இங்கே வந்துவிட்டேன். அந்த விரலை வைத்துக்கொண்டு இதில் எப்படி வைப்பேன்.

மாட்டேன் என்றேன். அப்ப உங்க பேத்தி காலம் பூரா காப்பிக்கொட்டைதான் பொறுக்கணும் என்றார் சேனாதிபதி. தேவகுமாரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், மாமா, அந்த வரிய மட்டும் அடிச்சுட்டுப் போட்டுக் குடுங்களேன் என்றாள், அவள் மேல் குற்றம் இல்லை, பெற்றவள். சேனாதிபதி அடிக்க விடவில்லை. அப்போது சுதா உள்ளேயிருந்து வந்து தாளை வாங்கிப் படித்தாள். அவ என்னோட ஓடுனது நியாயமில்ல, அதை எவர் முன்னாலயும் சொல்லுவேன், அதுக்காக அவ சேலைய உருவுவீகளா, நாளைக்கு முடிய வெட்டிக்கிட்டு நான் ஜெயிச்சா என்னையும் நிறுத்துவீகளா என்று கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளை. செயலாளர் செருப்பைத் தேடினார்.

மறுநாள் சுதா தானே ஒரு மனு எழுதினாள். பெண்கள் ஓட்டத்தில் யார் ஓடலாம் என்ற விதியை மாவட்டத்தில் கேட்டு எழுத்தில் தர வேண்டும், வள்ளியோடு என்னை ஓடவிட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன், எனக்கு வாய்ப்பு வேண்டும், ஆனால் யாருடைய உடம்பையும் மன்றம் பரிசோதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாள். நான் ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். மன்றத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். தகப்பன் போன்ல சம்மதம் சொல்லிட்டாரு, தாத்தா வேற சொல்றாரு, தகப்பன் கையெழுத்து இருந்தா இதை மாவட்டத்துக்கு அனுப்புறோம், இல்லன்னா எங்க மனு உங்க வீட்டு சம்மதத்தோடதான்னு எழுதி அனுப்புவோம் என்கிறார்கள். மாசி பத்து வரைக்கும் தவணை. வள்ளி அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை, லயத்துக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது, தேவகுமாரிதான் நேற்று வாசலில் சோற்றை வைத்துவிட்டு வந்தாள், என்னிடம் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

சுதா எழுதிய மனுவை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த நாலாவது வரியை அவர்கள் உனக்கு போனில் வாசித்துக் காட்டினார்களா, ராஜ்மோகன். தெரியாமல்தான் நீ சம்மதம் சொன்னாய் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னாய் என்றால் அதையும் எனக்கு எழுது, மறைக்காதே. இந்தக் கையெழுத்தால் சுதாவுக்கு இடம் போனாலும் போகலாம், அதையும் யோசித்துக்கொள், அவள் யோசித்துவிட்டாள். அவள் ஓடுவதை நிறுத்தவில்லை. காலையில் பள்ளிக்கூட ஏற்றம் வரைக்கும் போய் வருகிறாள், இனி சாயந்தரம் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நிற்பாள்.

தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலைக்குத் துணி கட்டு. பழனியாண்டவர் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், அவரே உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பு, மாசி பத்து ஞாபகம்.

உன் அப்பா,
சுப்பையா