ஈப்போவில் போட்ட கையெழுத்து

19 ஏப்ரல் 2016, செவ்வாய்

கடைசி நோயாளியின் பல்லைப் பிடுங்கி அனுப்பியதும் சுந்தரமூர்த்தி அங்கிள் கிளினிக்குக்கு வந்தார். பல்வலி இல்லையாம். மலேசியாவில், ஈப்போவிலிருக்கும் அண்ணன் மகனுக்கு இங்கே வர விசா வேண்டும். அவனுக்கு இங்கே மேனேஜர் வேலை தருவதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை, பேப்பரில் இருந்தால் போதும். மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஈப்போல உன் ரிஜிஸ்டர் சாப்பாட்டுக்கு நானும் வந்தேனே மா. கவிநேசன் வீட்டுக்கு அது தெரியுமா?"

அடுத்த மாதம் எனக்கும் கவிநேசனுக்கும் நிச்சயதார்த்தம். பாவி. அன்று பிரியாணியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வாய்.

20 ஏப்ரல்

மலேசியாவில் நம் வழக்கம்தானே — முதலில் ரிஜிஸ்டர், கோயிலில் தாலி அப்புறம். நடுவில் அவரவர் வீட்டில் அவரவர். ஈப்போவில் என்னோடு ரிஜிஸ்டர் செய்தவன் தாலிக்கு முந்தியே வேறொருத்தியோடு போனான். விவாகரத்து வாங்கினேன். "தாலி ஏறல, அது கல்யாணமே இல்ல" என்றாள் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். சட்டத்துக்குத் தாலி தெரியுமா? இங்கே கல்யாண லைசென்ஸ் எடுக்கப் போனாலே, முன்பு கல்யாணம் ஆனதா என்று கேட்பார்கள். எங்கள் புத்திக்கு அது எட்டவில்லை.

அம்மா, எழுதிக் கொடுத்துத் தொலை என்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு ஊரையே கூப்பிட்டாயிற்றாம்.

24 ஏப்ரல், ஞாயிறு

கவிநேசனிடம் நானே சொல்லிவிட்டேன். மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷன் பக்கத்தில், காரில், மழையில். அவன் கோபப்படவில்லை. நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் சொன்னான்: "எனக்கு இது ஒண்ணுமே இல்ல விக்கி. ஆனா அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அந்த லெட்டரக் குடுத்துடு லா."

குடுத்துடணுமா? என் பேருல, என் கிளினிக் பேருல பொய்க் கையெழுத்து — எதுக்கு? இவங்க டாக்டர் குடும்பத்து மானம் கப்பலேறக் கூடாதுன்னு! இன்னிக்கு அண்ணன் மகன், நாளைக்கு மச்சினன். இவனையா நான் —

25 ஏப்ரல்

அன்சாக் விடுமுறை, போர் வீரர் நினைவு நாள். கிளினிக் இல்லை, கத்த ஆளும் இல்லை.

30 ஏப்ரல், சனி

கவிநேசனின் அம்மா வேதவள்ளி ஆன்ட்டி, பரிசப் புடவை காட்டக் கூப்பிட்டிருந்தார். புடவையைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன், மிரட்டலையும் சேர்த்து. ஆன்ட்டி மகனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

என்னைப் பார்க்காமலே, தெரியாது என்றான்.

நிச்சயதார்த்தம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

14 மே, சனி

நிச்சயதார்த்தம் நடந்திருக்க வேண்டிய நாள். அம்மா இரண்டு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் சுந்தரமூர்த்தி போன் செய்தார். நின்ற காரணத்தைக் கோயிலில் சொன்னால் தங்கை விஷாலினிக்கு வரன் வராதாம். லெட்டரை இப்போதாவது தரலாமாம். அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஆமாண்ணே, என் மக ரிஜிஸ்டர் பண்ணி முறிச்சவதான். நாங்க இன்னிக்குக் கோயிலுக்குத்தான் வர்றோம். எங்களை வச்சுக்கிட்டே சொல்லுங்க."

போனோம். அர்ச்சனை செய்தோம், சாப்பிட்டோம். சுந்தரமூர்த்திதான் வரவில்லை.